‘சரி’ பட்டன் மட்டும் போதாது: சொந்தத் தளம் தொடங்குவோருக்குக் குக்கி ஒப்புதல் வழிகாட்டி

காஞ்சிபுரத்தில் சேலைக் கடை வைத்திருக்கும் என் சித்தி மகனுக்கு நான்தான் இணையதளம் செய்து கொடுத்தேன். எல்லாத் தளங்களிலும் இருக்கிறதே என்று கீழே ஒரு கறுப்புப் பட்டையும் போட்டேன். “உங்கள் அனுபவத்தை மேம்படுத்த குக்கிகளைப் பயன்படுத்துகிறோம்” என்று ஒரு வரி, பக்கத்தில் “சரி” என்று ஒரே பட்டன். பாரிஸிலிருந்து அடிக்கடி சேலை வாங்கும் ஒரு வாடிக்கையாளர் ஒருநாள் மெயில் போட்டார். “நான் இன்னும் சரி என்று அழுத்தவே இல்லை. அதற்குள் 14 குக்கி வைத்துவிட்டீர்கள். பிறகு எதற்குக் கேட்கிறீர்கள்?”

பதில் சொல்ல வாய் வரவில்லை. தாலி கட்டி முடித்துவிட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேட்ட கதைதான். அன்று தொடங்கி முட்டி மோதிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். வேர்ட்பிரஸ் போன்ற ஒன்றில் நீங்கள் ஒரு சிறு தளம் வைத்திருக்கிறீர்கள், நிரல் எழுதிப் பழக்கமில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

செருப்பு ஸ்டாண்ட் டோக்கன்

கோயில் வாசலில் செருப்பை விடுகிறோம். ஸ்டாண்டில் இருப்பவர் ஒரு டோக்கன் தருகிறார். அத்தனை கூட்டத்தில் நம் முகம் அவருக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? திரும்பி வந்து டோக்கனை நீட்டினால்தான் செருப்பு கிடைக்கும். இணையதளத்தின் சர்வரும் அப்படி ஒரு மறதிக்காரர்தான். ஒரு பக்கத்தை அனுப்பியதும் யாருக்கு அனுப்பினோம் என்பது அதற்கு மறந்துவிடும். கூடையில் ஒரு சேலையைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், அதே ஆள்தான் வந்திருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. ஆகவே முதல் தடவை பக்கத்தை அனுப்பும்போதே ஒரு சின்ன எழுத்துத் துணுக்கையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறது. ப்ரவுசர் அதைப் பத்திரமாக வைத்திருந்து, அந்தத் தளத்துக்குப் போகும்போதெல்லாம் எடுத்து நீட்டுகிறது. அதுதான் குக்கி. தமிழில் ‘நினைவி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள்.

1994 ஜூனில் நெட்ஸ்கேப் நிறுவனத்துப் பொறியாளர் லூ மொண்டுல்லி இதை உருவாக்கியதற்கு ஒரு காரணமே இந்தக் கடைக்கூடைத் தொல்லைதான். நிரல்கள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் சிறு தரவுத் துணுக்கை யூனிக்ஸ் இயங்குதளத்தில் வேலை செய்தவர்கள் ‘மேஜிக் குக்கி’ என்று அழைத்துவந்தார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. ஒரு குக்கியின் அளவு 4 கிலோபைட்டுக்கு மேல் போகாது. பெரும்பாலும் உள்ளே ஓர் எண்தான் இருக்கும். மற்ற விவரமெல்லாம் ஸ்டாண்ட்காரர் நோட்டில் இருக்கிறது.

இதுவரை வில்லங்கம் ஒன்றுமில்லை. ஆனால் காமாட்சியம்மன் கோயில், ஏகாம்பரநாதர் கோயில், வரதராஜப் பெருமாள் கோயில் மூன்றின் வாசலிலும் ஒரே ஒப்பந்தக்காரர் ஸ்டாண்ட் நடத்துகிறார், மூன்றிலும் அதே டோக்கனை வாங்கிப் பார்க்கிறார் என்று வையுங்கள். நீங்கள் எந்தக் கிழமை எந்தச் சந்நிதிக்குப் போகிறீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பது அவர் நோட்டில் ஏறிவிடும். கோயில் நிர்வாகத்துக்கே அது தெரியாது. விளம்பர நிறுவனங்கள் பல தளங்களில், பக்கத்தோடு சேர்ந்து ப்ரவுசரில் ஓடும் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரலையோ ஒரு சிறு படத்தையோ பொருத்தி, அதன் வழியே வைக்கும் மூன்றாம் தரப்புக் குக்கி இப்படிப்பட்டது. ஒப்புதல், சட்டம், அபராதம் எல்லாம் பிறந்தது பெரும்பாலும் இந்த ஒப்பந்தக்காரரால்.

முதல் வேலை: எண்ணுங்கள்

ஒப்புதல் கேட்கும் பட்டையை (பேனர்) போட்டுத் தரும் ப்ளகினை, அதாவது தளத்தில் சேர்க்கும் துணை நிரலை, தேடி ஓடாதீர்கள். முதலில் உங்கள் தளம் என்னென்ன வைக்கிறது என்று பாருங்கள். கம்ப்யூட்டரில் க்ரோமை மறைநிலையில் திறந்து உங்கள் தளத்துக்குப் போங்கள். எதையும் அழுத்த வேண்டாம். எஃப்12 விசையைத் தட்டினால் பக்கவாட்டில் ஒரு பலகை திறக்கும். அதில் ‘அப்ளிகேஷன்’ என்ற தாவலுக்குப் போய் இடப்பக்கம் ‘குக்கீஸ்’ என்பதை விரியுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் அதே இடத்துக்கு ‘ஸ்டோரேஜ்’ என்று பெயர். பெயர், யார் வைத்தது, எப்போது காலாவதி என்று வரிசையாகத் தெரியும்.

அப்படியே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முகப்புப் பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். பொருள் பக்கம், கூடை, வீடியோ வைத்த பக்கம், தொடர்புப் படிவம் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். எனக்கு 14 என்று சொன்ன வாடிக்கையாளர் முகப்பை மட்டும்தான் பார்த்திருந்தார். கடைக்கு வழி காட்ட மேப் வைத்திருந்த பக்கத்தில் நான் எண்ணியது 19.

அதே பலகையில் ‘லோக்கல் ஸ்டோரேஜ்’ என்றும் ஒன்று இருக்கும். அதையும் பாருங்கள். “குக்கியே வைக்கவில்லை” என்று மார்தட்டும் சில கருவிகள் அதே எண்ணை இங்கே ஒளித்து வைக்கும். ஐரோப்பியச் சட்டத்திடம் இந்த வித்தை எடுபடாது. பயனர் கருவியில் எதைச் சேமித்தாலும், அங்கிருந்து எதைப் படித்தாலும் அதற்கு ஒரே விதிதான்.

இரண்டாவது: எது இல்லாவிட்டால் கடை ஓடாது?

நோட்டில் எழுதியதை இரண்டாகப் பிரியுங்கள். வந்தவர் கேட்ட வேலையைச் செய்ய அவசியமானவை ஒரு பக்கம், மற்றதெல்லாம் மறுபக்கம். கூடையில் உள்ளதை நினைவில் வைப்பது, உள்நுழைந்தவரை அடையாளம் காண்பது, ‘வேண்டாம்’ என்று அவர் சொன்னதையே நினைவில் வைப்பது ஆகியவை அவசியமானவை. இவற்றுக்கு ஒப்புதல் கேட்க வேண்டாம், தகவல் சொன்னால் போதும். வேர்ட்பிரஸில் உள்நுழைந்தால் வைக்கப்படும் குக்கி 2 நாள் இருக்கும், ‘என்னை நினைவில் கொள்’ என்று டிக் செய்தால் 14 நாள். அது இந்த வகை.

இங்கேதான் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். தளத்துக்கு வருவோரை எண்ணித் தரும் கூகுள் அனலிடிக்ஸ் வைக்கும் குக்கியைப் பார்த்தால் அது உங்கள் தளத்தின் பெயரில்தான் இருக்கும். “இது நம் சொந்தக் குக்கி, மூன்றாம் தரப்பு இல்லையே” என்று அவசியமான பக்கத்தில் எழுதிவிடுவார்கள், நானும் எழுதினேன். யார் பெயரில் இருக்கிறது என்பது கேள்வியே இல்லை, எதற்காக இருக்கிறது என்பதுதான். எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு உங்களுக்கு வேண்டும், சேலை வாங்க வந்தவருக்கு வேண்டாம். எனவே மறுபக்கம். அந்தக் குக்கி தானாக விட்டால் 2 ஆண்டு இருக்கும்படி அமைக்கப்பட்டது. க்ரோம் 2022இலிருந்து எந்தக் குக்கியையும் 400 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை என்பதால் அங்கே கொஞ்சம் முன்னதாகவே உதிரும்.

மூன்றாவது: தூக்கிப் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். இல்லாத குக்கிக்கு யாரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை.

தம்பியின் தளத்தில் ஃபேஸ்புக் பிக்சல் இருந்தது, விளம்பரத்துக்காக வருவோரைப் பின்தொடரும் துணுக்கு அது. இரண்டு வருடமாக அவன் அங்கே ஒரு விளம்பரமும் போடவில்லை. பின் எதற்கு? எடுத்துவிட்டேன். ஓரத்தில் மிதந்த சாட் பெட்டிக்கு ஒரு கேள்விகூட வந்ததில்லை, எல்லாரும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறார்கள். அதையும் எடுத்து, வாட்ஸ்அப்புக்கு வெறும் லிங்க் ஒன்றைப் போட்டேன். லிங்க் குக்கி வைக்காது. பேமென்ட் கேட்வேயின் ஸ்கிரிப்ட் எல்லாப் பக்கங்களிலும் ஓடிக்கொண்டிருந்ததைப் பணம் செலுத்தும் பக்கத்துக்கு மட்டும் என்று சுருக்கினேன். மேப்புக்குப் பதில் ஒரு படம், அதைத் தட்டினால் மேப் தனியே திறக்கும். யூடியூப் வீடியோவுக்கும் அப்படித்தான்: முதலில் ஒரு நிலைப்படம், அழுத்தினால் மட்டும் வீடியோ ஏறும். இதைச் செய்து தரும் இலவச ப்ளகின்கள் நிறைய இருக்கின்றன. பக்கமும் வேகமாகத் திறக்கிறது. செட்டிநாட்டுக் கட்டம் போட்ட பருத்திச் சேலையை 2ஜி சிக்னலில் பார்க்கிறவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

“ஃபேஸ்புக் வைத்த குக்கிக்கு நான் ஏன் பொறுப்பு?” என்று கேட்கத் தோன்றும். ஜெர்மனியில் ஃபேஷன் ஐடி என்ற ஆன்லைன் துணிக்கடை இதையேதான் கேட்டது. அவர்கள் வைத்திருந்தது வெறும் லைக் பட்டன். 2019 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்ன பதில்: தகவலைச் சேகரித்து அனுப்பும் அந்த அளவுக்குக் கடைக்காரரும் கூட்டுப் பொறுப்பாளிதான், ஒப்புதல் தேவைப்படும் இடத்தில் அதை வாங்க வேண்டியவரும் அவர்தான். வாசல் உங்களுடையது, ஸ்டாண்டுக்கு இடம் கொடுத்ததும் நீங்கள்.

வருகைக் கணக்கு வேண்டும் என்றால், அனலிடிக்ஸை விட்டால் வேறு வழியே இல்லை என்று நினைக்காதீர்கள். குக்கியே இல்லாமல் எண்ணும் பிளாசிபிள் என்ற கருவி இருக்கிறது. மாட்டோமோவையும் குக்கியில்லாமல் ஓட்டலாம். மாதம் எத்தனை பேர், எந்தப் பக்கம் என்பது தெரிந்தால் போதும் என்கிற கடைக்கு இவை தாராளம்.

எந்த நாட்டுச் சட்டம்?

ஐரோப்பாவில் 2002இல் வந்த மின் தனியுரிமை நெறியை 2009இல் திருத்தி, அவசியமில்லாத குக்கிக்கு முன்கூட்டியே ஒப்புதல் வேண்டும் என்றார்கள். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எது ஒப்புதல் என்பதை வரையறுத்தது. காஞ்சிபுரத்துத் தளத்தை யாரோ பாரிஸிலிருந்து எட்டிப் பார்த்தாலே ஜிடிபிஆர் பாயாது. ஆனால் யூரோவில் விலை போட்டு “பிரான்சுக்கு அனுப்புகிறோம்” என்று எழுதினால், அங்கிருப்பவர்களுக்கு விற்கிறீர்கள் என்று பொருள், அப்போது பொருந்தும். அவர்கள் நடவடிக்கையைப் பின்தொடர்ந்து கவனித்தாலும் பொருந்தும்.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குக்கி என்ற சொல்லே கிடையாது. ஆனால் ஓர் ஆளை அடையாளம் காட்டும் தரவு என்றால், அது குக்கி வழியே வந்தாலும் சட்டத்துக்குள் வரும். ஒப்புதல் கட்டாயமின்றி, குறிப்பிட்ட நோக்கத்துக்கு, விவரம் தெரிந்து, தெளிவான ஒரு செயலால் தரப்பட வேண்டும் என்கிறது. அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. தமிழும் அதில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும், சில விலக்குகள் தவிர, கூடாது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல் தொடர்பான கடமைகளுக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரை. அதுவரை காத்திருக்காமல் ஐரோப்பிய அளவுகோலில் செய்துவிட்டால் இரண்டுக்கும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நான்காவது: எப்படிக் கேட்பது

“உங்கள் அனுபவத்தை மேம்படுத்த” என்ற வாக்கியத்தை முதலில் அழியுங்கள். யாருடைய அனுபவம், எதை மேம்படுத்துகிறோம்? ஆங்கிலத் தளத்திலிருந்து அப்படியே பெயர்த்து ஒட்டிய அந்த வரியில் ஒரு தகவலும் இல்லை. கடைக்கு வந்தவரிடம் நேரில் எப்படிச் சொல்வீர்களோ அப்படி எழுதுங்கள். நான் எழுதியது இது:

“எத்தனை பேர் வருகிறார்கள், எந்தச் சேலையைப் பார்க்கிறார்கள் என்று எண்ணுவதற்காகக் கூகுள் அனலிடிக்ஸ் குக்கியை உங்கள் ப்ரவுசரில் வைக்க விரும்புகிறோம். வேண்டாம் என்றாலும் கடை முழுக்கத் திறந்தே இருக்கும்.”

கீழே “வைக்கலாம்”, “வேண்டாம்” என்று ஒரே அளவில், ஒரே நிறத்தில் இரண்டு பட்டன்கள். ஓரத்தில் “விவரம்” என்ற லிங்க், அங்கே நோட்டில் எழுதிய பட்டியல்: பெயர், எதற்கு, யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் இருக்கும்.

‘வேண்டாம்’ என்பதைச் சாம்பல் நிறத்தில் மங்கலாக்குவதும், ‘அமைப்புகள்’ என்ற கதவுக்குப் பின்னால் மூன்றாவது படியில் ஒளிப்பதும் பெரிய நிறுவனங்களின் கைவரிசை. அதற்கு விலையும் கொடுத்தார்கள். ஏற்க ஒரு க்ளிக், மறுக்கப் பல க்ளிக் என்று வைத்ததற்காகப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பான சிஎன்ஐஎல் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டது.

பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டு வைப்பதும் செல்லாது. ஜெர்மனியில் பிளானெட்49 என்ற நிறுவனம் 2013இல் ஆன்லைன் குலுக்கல் ஒன்று நடத்தியது. கலந்துகொள்ள வந்தவர்கள் முன் இருந்த குக்கிப் பெட்டியில் ஏற்கெனவே டிக் விழுந்திருந்தது. வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போய், 2019 அக்டோபர் 1 அன்று தீர்ப்பு வந்தது: சும்மா இருந்தது சம்மதம் ஆகாது. குக்கி எத்தனை நாள் இருக்கும், மூன்றாம் தரப்பு அதைப் பார்க்குமா என்பதையும் சொல்லியாக வேண்டும். நம்மூரில் மௌனம் சம்மதம் என்பார்கள், அந்த நீதிமன்றத்தில் அது செல்லாது. பக்கத்தைக் கீழே தள்ளிப் படித்ததை ஒப்புதலாக எடுத்துக்கொள்வதும் அப்படியே.

தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. நம் சொற்கள் நீளமானவை. “அனைத்தையும் ஏற்றுக்கொள்கிறேன்” என்று பட்டனில் எழுதினால் சிறிய போனில் அது ஒரு வரி முழுவதையும் அடைத்துக்கொண்டு, ‘மறுக்கிறேன்’ பட்டனைத் திரைக்குக் கீழே தள்ளிவிடும். நீங்கள் ஏமாற்ற நினைக்காவிட்டாலும் ஏமாற்றியது போல ஆகிவிடும். அதனால்தான் “வைக்கலாம்”, “வேண்டாம்” என்று சின்னச் சொற்களாக எடுத்தேன். வீட்டில் இருப்பதிலேயே பழைய, சிறிய போனில் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஐந்தாவது: ‘வேண்டாம்’ என்றால் நிற்க வேண்டும்

பாரிஸ் வாடிக்கையாளர் பிடித்த தவறு இதுதான், நான் பார்த்த சிறு தளங்களில் பெரும்பாலானவை வழுக்குவதும் இங்கேதான். பேனர் ஒரு பக்கம் நிற்கும், ஸ்கிரிப்டுகள் அதைக் கண்டுகொள்ளாமல் ஓடும். கேட்கும் முன்பே விளம்பரக் குக்கி வைத்ததற்காக அதே சிஎன்ஐஎல் 2020 டிசம்பரில் கூகுளுக்கு 10 கோடி யூரோவும் அமேசானுக்கு 3.5 கோடி யூரோவும் தண்டம் விதித்தது.

பேனரும் ஸ்கிரிப்டும் இணைக்கப்பட வேண்டும். ஒப்புதல் ப்ளகின் வாங்கும்போது “ஒப்புதலுக்கு முன் ஸ்கிரிப்டைத் தடுக்குமா?” என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். இல்லை என்றால் அது அலங்காரத் தோரணம், காசு கொடுக்காதீர்கள். உள்ளே நடப்பது எளியது: ஸ்கிரிப்டின் வகையை ‘வெறும் எழுத்து’ என்று மாற்றி வைத்தால் ப்ரவுசர் அதை ஓட்டாது. “வைக்கலாம்” என்று அழுத்தியதும் ப்ளகின் வகையைத் திருப்பி மாற்றும், அப்போது ஓடும். தீம் அமைப்புகளிலோ வேறு ப்ளகினிலோ அனலிடிக்ஸ் எண்ணை இன்னொரு முறை ஒட்டியிருந்தால், இந்தத் தடுப்பைத் தாண்டி அது தனியாக ஓடும். எனக்கு அரை நாள் போனது அந்த இரண்டாவது ஒட்டலைக் கண்டுபிடிக்கத்தான்.

தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்கும் அதையே தரும் கேஷ் ப்ளகின் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒப்புதல் தந்த ஒருவருக்குச் சர்வர் தயாரித்த பக்கம் கேஷில் தங்கி, அடுத்தவருக்கும் அதுவே போகலாம். ஒருவர் சொன்ன ‘வைக்கலாம்’ ஊருக்கே ஆகிவிடும். தடுப்பு வேலையைச் சர்வரில் செய்யாமல் ப்ரவுசரிலேயே செய்யும் ப்ளகினாக இருந்தால் இந்தச் சிக்கல் வராது.

ஆறாவது: மனம் மாறினால்

தருவது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டமும் சொல்கிறது, இந்தியச் சட்டமும் சொல்கிறது. எல்லாப் பக்கத்தின் அடியிலும் “குக்கித் தேர்வை மாற்ற” என்று ஒரு லிங்க் போதும். அழுத்தினால் அதே பேனர் திரும்ப வர வேண்டும். ‘வேண்டாம்’ என்று மாற்றினால் ஏற்கெனவே வைத்த அனலிடிக்ஸ் குக்கிகளை ப்ளகின் அழிக்கிறதா என்று பாருங்கள். வேறொரு தளம் தன் பெயரில் வைத்த குக்கியை உங்கள் ஸ்கிரிப்டால் அழிக்க முடியாது. அவற்றை முதலிலேயே உள்ளே விடாததுதான் வழி.

தேர்வை 6 மாதம் நினைவில் வைத்திருந்து பிறகு கேட்பது நல்ல வழக்கம் என்கிறது சிஎன்ஐஎல். ‘வேண்டாம்’ என்றவரிடம் பக்கத்துக்குப் பக்கம் மறுபடி கேட்பது நச்சரிப்பு.

‘மூன்றாம் தரப்புக் குக்கியே ஒழியப்போகிறது, இதெல்லாம் எதற்கு?’ என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சஃபாரி 2020இலேயே அவற்றை முழுதாகத் தடுத்துவிட்டது, ஃபயர்ஃபாக்ஸ் 2022இல் ஒவ்வொரு தளத்துக்கும் தனி டப்பா என்று பிரித்துவிட்டது. க்ரோமில் ஒழிப்போம் என்று 2020இல் அறிவித்த கூகுள், பலமுறை தள்ளிப்போட்டு 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அனலிடிக்ஸ் குக்கி உங்கள் பெயரிலேயே இருப்பதால் இந்தத் தடை எதிலும் அது அடியோடு போகாது.

கடைசியில் ஒரு சோதனை

மறைநிலையில் புதிதாகத் திறங்கள், எஃப்12 பலகையில் குக்கிப் பட்டியலைப் பாருங்கள். எதையும் அழுத்தும் முன் அவசியமானவை மட்டும் இருக்க வேண்டும். “வேண்டாம்” அழுத்துங்கள், நாலு பக்கம் சுற்றுங்கள், பட்டியலில் கூடுதலாக வரக்கூடியது உங்கள் மறுப்பைக் குறித்து வைக்கும் குக்கி ஒன்றுதான். சாளரத்தை மூடி மறுபடி மறைநிலையில் திறந்து “வைக்கலாம்” அழுத்துங்கள், அனலிடிக்ஸ் வர வேண்டும். அடியில் உள்ள லிங்கில் போய் “வேண்டாம்” என்று மாற்றுங்கள், அது மறைய வேண்டும். நான்கும் சரியாக நடந்தால் முடிந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். தம்பியின் தளத்தில் எதையும் அழுத்தும் முன் இருக்க வேண்டியது 2. போன முறை பார்த்தபோது 5 இருந்தது. தேடிப் பார்த்தால், தீபாவளித் தள்ளுபடிக்கு “இன்னும் 3 மணி நேரம் மட்டுமே” என்று காட்ட அவனாகவே ஒரு கடிகார ப்ளகின் போட்டிருக்கிறான். தீபாவளி முடிந்து நாலு மாதம் ஆகியும் அது ஓடிக்கொண்டிருந்தது.